காசு கட்ட முன் வீசா விதியை வாசியுங்கள்

வெளிநாட்டுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போவதென்றால் எந்தக் கோர்ஸ் செய்தால் நல்லது என்று மாதத்துக்கு ஓரிருவராவது எனக்கு மெசேஜ் போடுகிறார்கள். அநேகமாக என்னைப் போல கொழும்பில் ஏதாவதொரு சர்வதேசப் பாடசாலையிலோ ரியூஷன் நிலையத்திலோ படிப்பிப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் மெசேஜ் அனுப்பிக் களைத்துவிட்டேன். இந்த விஷயத்துக்குள் நான் ஏறக்குறைய பத்து இலட்சம் ரூபாய் போட்டேன். அதில் இரண்டரை இலட்சம் ஒன்றுக்கும் உதவாமல் போனது. வீட்டில் யாருக்கும் இந்தத் துறை தெரியாது, கேட்டறியவும் ஆளிருக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு சின்ன சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சர்வதேசம் என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான். உள்ளே போனால் அறைகளைத் தடுத்துப் பிரித்த ஒரு பழைய வீடு. சம்பளம் 55,000. அம்மாவின் மருந்துக்கும் வீட்டு வாடகைக்கும் போக, மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் இருந்தது ஒரு வெளிவாரி பீஏ பட்டம், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் 8 புள்ளி, ஐந்தாறு வருட வகுப்பறை. இவ்வளவும் இருக்கிற எனக்கு வெளியில் வேலை கிடைக்காதா என்று ஒரு எண்ணம். பேஸ்புக்கில் விளம்பரம் வந்து விழுந்தது அந்த நேரத்தில்தான். "120 மணித்தியால டெஃபல் சான்றிதழ். சர்வதேச அங்கீகாரம். பட்டம் தேவையில்லை. தாய்லாந்து, வியட்நாம், சீனா, கொரியா." டெஃபல் என்றால் ஆங்கிலத்தைப் பிறமொழியாகப் படிப்பிப்பது.

காலி வீதியில் ஒரு மேல்மாடி. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரில் உலக வரைபடம். அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார். "மிஸ், உங்கட இங்கிலீஷுக்கு ஆறு மாசத்தில நீங்க பாங்கொக்கில நிப்பீங்க" என்றார். கட்டணம் 95,000, இரண்டு தவணையில் கட்டலாம். கட்டினேன். வகுப்பு எப்போது தொடங்கும் என்று கேட்டதற்கு ஒரு லொகின் தந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பீடிஎஃப் கோப்புகளும், ஒவ்வொன்றின் முடிவிலும் சரியான விடையைத் தெரிவு செய்யும் பத்துக் கேள்விகளும்தான். பிழைத்தால் திரும்பச் செய்யலாம், எத்தனை தரமும் செய்யலாம். 120 மணித்தியாலம் என்று சொன்னதை ஒரு வார இறுதியில் முடிக்கலாம். ஒரு மாணவன் முன்னால்கூட என்னை நிற்க வைக்கவில்லை. பிறகு தேடிப் பார்த்தபோது, ஏறத்தாழ அதே பாடங்கள் இணையத்தில் தள்ளுபடிக்கு முப்பது டொலருக்கும் குறைவாகக் கிடந்தன. சான்றிதழ் மட்டும் கனதியான தாளில், பளபளக்கிற முத்திரையோடு வந்தது. அம்மா அதைச் சாமியறையில் வைத்துக் கும்பிட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டெஃபல் சான்றிதழ் என்று ஒன்றை யாரும் அச்சடித்துக் கொடுக்கலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுப்பதில்லை. "அங்கீகரிக்கப்பட்டது" என்று போட்டிருந்தால், யாரால் என்று கேட்க வேண்டும். என்னுடைய சான்றிதழுக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் இணையத்தளத்தைத் தேடிப் போனால், அந்த அமைப்பு அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியல் மட்டும்தான் இருந்தது. அந்த அமைப்பை யார் அங்கீகரித்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இங்கிலாந்தில் ஒஃப்குவால் என்று ஓர் அரச ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அதன் பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. ஒரு தகைமை அதில் இருந்தால் அதற்கு ஓர் இலக்கம் இருக்கும், எந்த மட்டம் என்பதும் இருக்கும். கேம்பிரிட்ஜின் செல்டா, ட்ரினிட்டி கல்லூரியின் சேர்ட் டெசோல் என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்கள் இரண்டும் அதில் ஐந்தாம் மட்டத்தில் இருக்கின்றன. 120 என்ற எண்ணின் கதையும் இதுதான்: செல்டாவில் ஆகக் குறைந்தது 120 மணித்தியாலம் ஆசிரியர்களோடு வகுப்பில் இருக்க வேண்டும், கடைக்காரர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். யாராவது "லெவல் 5" என்று சொன்னால் அந்தப் பதிவேட்டு இலக்கத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு விண்ணப்பிக்கத் தொடங்கினேன். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கொரியாவிலிருந்து முதலில் வந்த பதில் ஒரே வரி: உங்கள் கடவுச்சீட்டு எந்த நாடு? சொன்னேன். அதோடு சரி. கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்குக் கொடுக்கும் ஈ-2 வீசா ஏழு நாட்டவருக்குத்தான்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா. இது இரகசியமில்லை, எந்தத் தூதரகப் பக்கத்திலும் இருக்கிற செய்தி. என்னிடம் காசு வாங்கியவரின் சுவரில் இருந்த வரைபடத்தில் கொரியாவுக்கும் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தது. சீனாவின் வேலை அனுமதி விதி, மொழி ஆசிரியர் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவராக இருக்க வேண்டும் என்பதிலேயே தொடங்குகிறது. பட்டமும் இரண்டு வருட அனுபவமும் அதற்குப் பிறகு. ஜப்பானில் மொழி ஆசிரியருக்கான வீசா வகையொன்றில், படிப்பிக்கப் போகிற மொழியிலேயே 12 வருடம் கல்வி கற்றிருக்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழ் மொழிமூலத்தில் உயர்தரம் வரை படித்த எனக்கு அந்த இடத்தில் ஒன்றுமே செய்ய முடியாது. எவ்வளவு சான்றிதழ் வாங்கினாலும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக முடியுமா?

அவமானமாக இருந்தது. விளம்பரங்களில் "தாய்மொழியாளர் மட்டும்" என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே அவர்கள் கேட்கிற தகைமையைப் பார்த்தால் ஏதாவதொரு பட்டம், அவ்வளவுதான். நான் ஓ/எல் பிள்ளைகளுக்கு ஐந்தாறு வருடம் இலக்கணம் படிப்பித்தவள். படிப்பித்தே பழக்கமில்லாத ஒருவருக்குத் திறக்கிற கதவு எனக்குத் திறக்கவில்லை. இது நியாயமா என்று கேட்டுக்கொண்டு நான் நிறைய நாட்களை வீணடித்தேன். நியாயமில்லைதான். ஆனால் வீசா அதிகாரியிடம் போய் வாதாட முடியாது. எந்த நாட்டில் நம்முடைய கடவுச்சீட்டுக்கு இடமிருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்த நாட்டு விதி என்ன கடதாசி கேட்கிறது என்று வாசித்து, அதற்குப் பிறகு கோர்ஸைத் தெரிவு செய்ய வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் தலைகீழாகத்தான் செய்கிறோம். கோர்ஸ் விற்கிறவர்களுக்கும் அதுதான் வசதி.

மனம் விட்டுப்போயிருந்த நேரத்தில்தான் ஓர் ஏஜென்சி என்னைப் பிடித்தது. தாய்லாந்தில் மாகாணப் பாடசாலையொன்றில் வேலை, மாதம் 900 டொலர், தங்குமிடம் இலவசம். மூன்று இலட்சம் முற்பணம். சுற்றுலா வீசாவில் போங்கள், அங்கே மாற்றித் தருவோம் என்றார்கள். தாய்லாந்தில் பட்டத்தோடு சேர்த்து, தாய்மொழியாளர் அல்லாதவரிடம் டோய்க் ஆங்கிலப் பரீட்சையில் 600 போல ஒரு புள்ளி கேட்பது வழக்கம். அதைக்கூட இவர்கள் கேட்கவில்லை. எனக்கு அது சந்தேகத்தைத் தரவில்லை, நிம்மதியைத்தான் தந்தது. அந்த நேரத்து நிலைமை அப்படி. இருந்த சங்கிலியை அடகு வைத்துக் காசைக் கட்டினேன். அக்காவின் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. "தங்கச்சி, பணியகத்துக்கு ஒருக்கா அடிச்சுப் பாப்பம், சும்மாதானே" என்று சொல்லி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அத்தானே அழைத்தார். அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது உண்மை. ஆனால் அப்படியொரு ஆசிரியர் வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கவில்லை.

இதைக் கவனியுங்கள், ஏனென்றால் அனுமதிப்பத்திரத்தின் போட்டோப் பிரதியைக் காட்டினால் நாங்கள் அடங்கிவிடுகிறோம். ஏஜென்சிக்கு அனுமதி இருப்பது ஒன்று, அவர்கள் சொல்கிற அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருப்பது இன்னொன்று. இரண்டையும் கேட்க வேண்டும். சரியான பாடசாலையாக இருந்தால் அவர்களே கடிதங்களை அனுப்புவார்கள், நீங்கள் இங்கிருந்தே வேலைக்குரிய நொன்-இமிக்ரன்ட் பி வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சுற்றுலா வீசாவில் வா என்று யார் சொன்னாலும், அங்கே போய் இறங்கிய பிறகு உங்கள் பிடி அவர்கள் கையில்தான். பத்தரமுல்லையில் பணியகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்து, இழுபட்டு, கடைசியில் கட்டியதில் பாதி கிடைத்தது. மற்றப் பாதியை "செயலாக்கக் கட்டணம்" என்றார்கள். நகையை மீட்க இன்னும் ஒரு வருடம் எடுத்தது. 2024இல் மியன்மாரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அகப்பட்டிருந்த இலங்கையரை மீட்ட செய்தி வந்தபோது, அவர்களில் சிலரும் தாய்லாந்தில் வேலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் என்று வாசித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எதையும் தொடவில்லை. செல்டா பற்றி ஒழுங்காகச் சொன்னது, ஓமானில் படிப்பித்துவிட்டு வந்திருந்த எங்கள் ஸ்டாஃப் ரூம் அக்கா ஒருவர். அவர் தகைமையின் பெருமையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "நீ படிப்பிக்கிறத ஒராள் பின்னால இருந்து பாத்து, பிழை சொல்லுவினமா எண்டு மட்டும் கேள்" என்றார். செல்டாவில் ஆறு மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும், அதை ஒரு பயிற்றுநர் உட்கார்ந்து பார்ப்பார். இன்னும் ஆறு மணித்தியாலம் அனுபவமுள்ள ஆசிரியர்கள் படிப்பிப்பதை நாங்கள் பார்க்க வேண்டும். நான்கு எழுத்து ஒப்படைகள். வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து நிலையத்தையே சரிபார்ப்பார். சேர்வதற்கே ஒரு மொழிப் பயிற்சியும் நேர்முகமும் உண்டு. எல்லோரையும் எடுக்க மாட்டார்கள். காசைக் கட்டினால் கிடைத்துவிடும் என்ற நிலை இல்லாததே அதன் மதிப்பு.

கட்டணம் அன்றைய பவுண் விலைக்கு ஆறு இலட்சத்தைத் தொட்டது. 2022 முடிகிற நேரத்தில் இங்கிருந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப வங்கியில் கேட்ட கடிதங்களைப் பார்த்து, லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகனையே கட்டச் சொன்னேன். அவனுக்கு மாதாமாதம் திருப்பிக் கொடுத்தேன். 2023 தொடக்கத்தில் இணையவழியில் செய்தேன். மின்வெட்டு அப்போதும் முழுதாக நின்றிருக்கவில்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி, அட்டவணையைப் பார்த்துப் பார்த்து வகுப்புக்கு உட்கார்ந்தேன்.

அந்தக் கோர்ஸ் என்னை நொறுக்கியது என்றே சொல்ல வேண்டும். எனக்குப் படிப்பிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையோடு போனேன். நாங்கள் கொழும்பில் பார்த்து வளர்ந்த நல்ல ஆசிரியர் யார்? ரியூஷன் மண்டபத்தில் மைக் பிடித்து இரண்டு மணித்தியாலம் மூச்சு விடாமல் விளக்குகிறவர். இடையில் ஒரு பகிடி, ஒரு பழைய கேள்வித்தாள், கையெழுத்து மணிமணியாக ஒரு நோட்ஸ். நானும் அப்படித்தான். என் முதல் பாடத்தில் பிரசன்ட் பெர்பெக்ட்டை அழகாகப் பிரித்து, அட்டவணை போட்டு, விதிவிலக்கெல்லாம் சொல்லி விளக்கினேன். மாணவர்கள் பல நாடுகளிலிருந்து இணைந்த பெரியவர்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். முடிந்ததும் பயிற்றுநர் அமைதியாகக் கேட்டார்: "இந்த நாற்பது நிமிடத்தில் உங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை வசனம் பேசினார்கள்?" நான் யோசித்தேன். துருக்கியிலிருந்து வந்த ஒரு அம்மா "யெஸ் டீச்சர்" என்று மட்டும் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பாடம் தரத்தை எட்டவில்லை என்று எழுதித் தந்தார்கள். கமராவை அணைத்துவிட்டு அழுதேன். இத்தனை வருடம் பெற்றோர் என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டது எதற்காக என்றெல்லாம் மனம் போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்திலும் என் வாயைக் கட்டுவதுதான் வேலை. "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமென்றுதான் சொல்வார்கள், ஆகவே விளங்கினதா என்று காட்டுகிற கேள்வியைக் கேட்கப் பழக்கினார்கள். செய்யச் சொன்ன வேலையை மாணவனைக் கொண்டே திருப்பிச் சொல்ல வைப்பது, பிழையை உடனே திருத்தாமல் குறித்து வைத்துக் கடைசியில் எல்லோருக்குமாக எடுப்பது, பாடத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிமிடம் போடுவது. சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் பீடிஎஃப் வாசித்து இவை வராது. சைக்கிள் ஓட்டப் பழகுகிறவனுக்குப் பின்னால் ஒருவர் ஓடி வர வேண்டும். என்னோடு படித்தவர்களில் ஒருவர் இடையில் நின்றுவிட்டார், நான் சாதாரண சித்தியோடு முடித்தேன். அதற்கு மேலே பி, ஏ என்று இரண்டு சித்தி நிலைகள் இருக்கின்றன. என்ன நிலை என்று இதுவரை எந்தப் பாடசாலையும் என்னிடம் கேட்டதில்லை.

இனி, அதனால் என்ன கிடைத்தது? கடவுச்சீட்டு மாறவில்லை. கொரியா கொரியாதான். ஆனால் வியட்நாம் திறந்தது. அங்கே மொழி நிலையங்களில் படிப்பிக்கிற வெளிநாட்டவரிடம், ஆங்கிலம் தாய்மொழி இல்லையென்றால், பட்டத்தோடு சி1 என்ற உயர்ந்த ஆங்கிலத் தரத்தைக் காட்டும் மொழிச் சான்றும் மொழி கற்பித்தல் சான்றிதழும் கேட்கிறார்கள். மூன்றும் என்னிடம் இருந்தன, அல்லது இருந்ததாக நினைத்தேன். ஐஇஎல்டிஎஸ் பெறுபேற்றின் ஆயுள் இரண்டு வருடம், என்னுடையது அதற்குள் காலாவதி. திரும்ப எழுதினேன். ஆகவே ஐஇஎல்டிஎஸ்ஸை முதலில் எழுதி வைத்துவிட்டு வேலை தேடாதீர்கள். மற்றக் கடதாசிகள் எல்லாம் தயாராகிற நேரத்தில் எழுதுங்கள்.

அடுத்தது கடதாசிகளை அத்தாட்சிப்படுத்துகிற வேலை. இதைப் பற்றி எந்தக் கோர்ஸ்காரரும் வாய் திறப்பதில்லை. பட்டச் சான்றிதழை நேராகத் தூதரகத்தில் நீட்ட முடியாது. பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அதை அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதற்கு முன் யார் உறுதிப்படுத்த வேண்டும் என்பது சான்றிதழைப் பொறுத்து வேறுபடும், போவதற்கு முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் போய், ஒரு முத்திரைக்காக வந்த வழியே திரும்பிப் போய் அலைந்தேன். அதற்குப் பிறகுதான் தூதரகம். பொலிஸ் சான்றிதழும் அதே வழியால் போக வேண்டும். கூடுதலாக அடித்தது செல்டா சான்றிதழ்தான். அது இங்கிலாந்தில் வழங்கப்பட்ட ஆவணம், ஆகவே இங்கிலாந்திலேயே நொத்தாரிசு, அவர்களுடைய வெளிவிவகார அலுவலகம், பிறகு லண்டனில் உள்ள வியட்நாம் தூதரகம் என்று போய் வர வேண்டியிருந்தது. மூலப் பிரதியைக் கூரியரில் சித்தப்பாவின் மகனுக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை எனக்கு வயிற்றில் நெருப்புத்தான். இந்தச் சுற்றுக்கு மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். எந்த நாட்டில் வழங்கப்பட்ட சான்றிதழோ அந்த நாட்டில்தான் அதற்கு முத்திரை குத்த வேண்டும் என்பதைக் கோர்ஸ் தெரிவு செய்யும்போதே கணக்கில் எடுங்கள்.

அனுபவக் கடிதமும் ஒரு தலையிடி. எங்கள் பாடசாலை தந்த முதல் கடிதத்தில் "இவர் எம்மிடம் ஆசிரியையாகக் கடமையாற்றினார், நற்குணமுள்ளவர்" என்று இருந்தது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, முழுநேரமா, எந்த வகுப்புக்கு, என்ன பாடம் என்று ஒன்றுமில்லை. திரும்ப எழுதுவித்தேன். நல்ல காலம், ஈபிஎஃப் கட்டியிருந்தார்கள். அந்தக் கூற்றையும் சேர்த்து வைத்தேன். ரியூஷன் மட்டும் கொடுத்தவர்களுக்கு, எத்தனை வருடமென்றாலும், இந்த இடத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே இப்போதே ஏதாவதொரு பதிவுள்ள நிலையத்தில் பகுதிநேரமாவது சேர்ந்து, கடிதம் வாங்கக்கூடிய நிலையில் இருங்கள்.

2023 கடைசியில் ஹோ சி மின் நகரத்துக்குப் போனேன், வேலை அனுமதியோடு. மாதம் ஏறத்தாழ 1,100 டொலர். என்னோடு அதே நிலையத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயப் பையன், செல்டா இல்லாமல், இணையச் சான்றிதழோடு, என்னைவிட ஒன்றரை மடங்கு வாங்கினான். நல்ல பையன், பாடத் திட்டம் எழுத என்னிடம்தான் வருவான். பிலிப்பைன்ஸ் பெண்கள் இருவர் என்னைவிடக் கெட்டிக்காரிகள், அவர்களுக்கும் என் சம்பளம்தான். சரியான தகைமை இந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது கதவுக்குள் விடுகிறது, கதிரையைத் தருவதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரத்தில், என் பாடங்களைப் பார்த்தவர்கள் இருந்ததால், கொஞ்சம் கூட்டிக் கேட்க முடிந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்று: செல்டா பெரியவர்களுக்குப் படிப்பிக்கத் தயார்படுத்துகிற கோர்ஸ். எனக்குக் கிடைத்த வகுப்புகளில் முக்கால்வாசி ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். மேசைக்குக் கீழே ஒளிகிற பிள்ளையைச் சமாளிக்க எனக்கு உதவியது கேம்பிரிட்ஜ் இல்லை, வெள்ளவத்தையில் மூன்றாம் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த வருடம்தான். ஆசியாவில் வேலை தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள், அங்கே சந்தை பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்தான்.

ஒரு வருட ஒப்பந்தம் முடித்து, அம்மாவுக்குச் சுகமில்லாததால் திரும்பி வந்தேன். வந்து வளைகுடாவிலும் மாலைதீவிலும் விசாரித்தபோது வேறொரு விஷயம் தெளிவானது. மொழி நிலையம் வேறு, பாடசாலை வேறு. முறையான பாடசாலைகள் செல்டாவைப் பார்த்து "நல்லது" என்று சொல்லிவிட்டு, கல்விமாணிப் பட்டம் இருக்கிறதா, பட்டப்பின் கல்வி டிப்ளோமா இருக்கிறதா என்று கேட்கின்றன. வளைகுடாவில் சில இடங்களில், பட்டத்தை நேரில் போய்ப் படித்தீர்களா தொலைக்கல்வியா என்றும் கேட்பார்கள். வெளிவாரிக்காரர்களுக்கு அது சிக்கல். மாலைதீவில் வெளிநாட்டுத் தகைமையை அங்குள்ள தகைமைகள் அதிகாரசபை மதிப்பிட்டு ஏற்க வேண்டும். என்னோடு முன்பு படிப்பித்த ஒருத்தி செல்டா எதுவும் செய்யவில்லை. கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவும், அதற்கு மேல் நாவல திறந்த பல்கலைக்கழகத்தில் எடுத்த பட்டமும் வைத்துக்கொண்டு மாலைதீவில் ஓர் அரச பாடசாலையில் இருக்கிறாள். அவள் செலவழித்தது நான் ஏஜென்சியில் இழந்ததைவிடக் குறைவு. நேரம்தான் கூட எடுத்தது. கையில் வருடங்கள் இருக்கிற இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர் யாராவது இதை வாசித்தால் அவளுடைய வழியைத்தான் முதலில் யோசிப்பேன். முப்பதைத் தாண்டியவர், பட்டம் ஏற்கெனவே இருக்கிறவர், ஒரு வருடத்துக்குள் போக வேண்டியவர் என்றால் செல்டா. பட்டமே இல்லாதவருக்கு நான் எந்தச் சான்றிதழையும் சொல்ல மாட்டேன், முதலில் பட்டம். "பட்டம் தேவையில்லை" என்ற விளம்பரம் வருகிற நாடுகளின் வேலை அனுமதி விதியை ஒருமுறை வாசித்தால் ஏன் என்று புரியும்.

ஏற்கெனவே எங்காவது காசு கட்டிவிட்டீர்கள், இப்போதுதான் சந்தேகம் வருகிறது என்றால், பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் உடனே எடுத்து வையுங்கள். விளம்பரத்தை அழித்துவிடுவார்கள், என்னுடையவர்கள் அழித்தார்கள். கோர்ஸ் பற்றிய முறைப்பாடென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, இலக்கம் 1977. வேலை, ஏஜென்சி என்றால் 1989. கையில் பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுத்திருந்தால் வங்கிக் கூற்றையாவது அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள். கோர்ஸ்காரரிடம் நான் கட்டிய 95,000இல் ஒரு சதமும் திரும்பவில்லை, ஏனென்றால் அவர்கள் தருவதாக எழுதிக் கொடுத்த சான்றிதழைத் தந்துவிட்டார்கள். வாயால் சொன்ன பாங்கொக் எந்தக் கடதாசியிலும் இருக்கவில்லை.